எந்த நிக்கோலாய் குஸ்நெத்சோவ்? (வினாடி வினா பஞ்சாயத்து)

வினாத்தாள்:
எங்க ஊர் வாசகர் வட்டத்துல போன ஞாயித்துக்கிழமை வினாடி வினா. கேள்வி தயாரிச்சது நான். அதனால இப்ப அடி வாங்கிட்டு இருக்கறதும் நான்.

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேர் பெற்ற, சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் வாங்கிய நிக்கோலாய் குஸ்நெத்சோவ் யார்?"

என் தாள்ல இருந்த விடை: சோவியத் கடற்படைத் தளபதி. முதல் அணி, "ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டு உளவு பார்த்தவர்"னு சொன்னாங்க. தப்புன்னேன். கேள்வி ரெண்டாவது அணிக்குப் போச்சு, அவங்க "அட்மிரல்"னாங்க, பத்து புள்ளி. கோப்பை கை மாறினதே அந்தப் பத்துலதான். முதல் அணித் தலைவர் ஒரு வாத்தியார். மேடையில ஒரு வார்த்தை பேசல. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப்ல ஒரு படம் மட்டும் அனுப்பினார். சட்டையில தங்க நட்சத்திரத்தோட ஒரு ஆள், கீழ "நிக்கோலாய் குஸ்நெத்சோவ்". என் அட்மிரல் முகம் இல்ல அது.

யார் சொன்னது சரி?

கடற்பறவை:
இரண்டு அணியும் சரி. தப்பு உங்கள் கேள்வியில்.

உங்கள் ஆள் நிக்கோலாய் கெராசிமொவிச் குஸ்நெத்சோவ். ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1939-ல் கடற்படை மக்கள் ஆணையராக, அதாவது அமைச்சராக, ஆனபோது வயது 34. அவர் பேர் நிலைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு இரவு. 1941 ஜூன் 21, நள்ளிரவு நெருங்கும் நேரம். ஜெர்மனி தாக்கப்போகிறது என்ற பேச்சையே ஸ்டாலின் காதில் போட்டுக்கொள்ளாத நாட்கள். இவர் எல்லாக் கடற்படைப் பிரிவுகளுக்கும் "முதல் நிலைத் தயார்" என்று ஆணை அனுப்பினார். தந்தி போய்ச் சேர நேரமாகும் என்று தொலைபேசியையும் எடுத்தார். விடிவதற்கு முன் செவஸ்தபோல் மீது விமானங்கள் வந்தபோது கீழே பீரங்கிகள் விழித்திருந்தன. விமானப்படை அன்று தரையில் நின்ற நிலையிலேயே நூற்றுக்கணக்கான விமானங்களை இழந்தது. கடற்படைக்கு அன்று ஒரு போர்க்கப்பல்கூடப் போகவில்லை.

தாக்குதல் தொடங்கிவிட்டது என்று இவர் கிரெம்ளினுக்குச் சொன்னபோது மறுமுனையில் இருந்த ஸ்டாலினின் சகா மாலென்கோவ் நம்பவில்லையாம். குஸ்நெத்சோவின் நினைவுக்குறிப்பிலேயே இருக்கிறது.

இத்தனை செய்தவருக்குக் கிடைத்தது என்ன? 1948-ல் பதவி இறக்கம், ரியர் அட்மிரலாக. 1951-ல் திரும்ப அழைத்து அமைச்சராக்கினார்கள். 1955 அக்டோபரில் செவஸ்தபோல் துறைமுகத்தில் நொவரசீஸ்க் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது, அறுநூறுக்கும் மேல் மாலுமிகள் இறந்தார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. 1956-ல் மறுபடியும் இறக்கம், கூடவே வேலையும் போயிற்று. 1974-ல் வைஸ் அட்மிரலாகவே செத்தார். பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தது 1988-ல்.

சும்மா_வந்தவன்:
அட்மிரல் குஸ்நெத்சோவ்னா நாம வாங்கி விக்ரமாதித்யான்னு பேர் வச்சோமே, அந்தக் கப்பல்தானே?

கடற்பறவை:
இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் செய்தித்தாளில்கூட வருகிறது. நாம் வாங்கியது அட்மிரல் கோர்ஷ்கோவ். அட்மிரல் குஸ்நெத்சோவ் ரஷ்யாவிடமே இருக்கும் வேறு கப்பல். அதனோடு பிறந்த இன்னொன்று பாதி கட்டிய நிலையில் சீனாவுக்குப் போய் லியாவ்னிங் ஆனது.

ஆனால் இதில் ஒரு சுவாரசியம். 1956-ல் குஸ்நெத்சோவை வெளியே அனுப்பியபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? செர்கேய் கோர்ஷ்கோவ். கடலில் இரண்டு பேரும் கப்பலாக மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். குஸ்நெத்சோவ் கப்பலுக்கும் அவரைப்போலவே தலைவிதி சரியில்லை. 2018-ல் அது நின்றிருந்த மிதக்கும் தளமே மூழ்கியது, அடுத்த வருடம் தீ விபத்து.

வினாத்தாள்:
சரி, அட்மிரல் புரிஞ்சுது. வாத்தியாரோட உளவாளி?

தட்டச்சுக்காரி:
அவர் கதை நான் சொல்றேன். நிக்கோலாய் இவானொவிச் குஸ்நெத்சோவ். யூரல் மலைப் பக்கம் ஸிர்யான்கா கிராமம், 1911 ஜூலை 27. முதல்ல உங்களுக்கு ஒரு அதிர்ச்சி: அவருக்கு வீட்ல வச்ச பேர் நிக்கோலாயே இல்ல. நிக்கானோர். இருபது வயசு வாக்குல தானே மாத்திக்கிட்டார்.

காட்டு இலாகா வேலைக்குப் போனவர். மொழி அப்படியே ஒட்டிக்கும் ஆளுக்கு. அங்கத்த கோமி மொழியும் பேசுவார், ஜெர்மனும் பேசுவார். போர் வந்ததும் ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருந்த மேற்கு உக்ரைன்ல ரோவ்னோ ஊருக்குள்ள "பவுல் சீபெர்ட்"ங்கற பேர்ல ஜெர்மன் லெப்டினன்ட் சீருடையோட நடமாட ஆரம்பிச்சார். ரோவ்னோதான் அப்ப அவங்க நிர்வாகத் தலைநகர். 1943 நவம்பர்ல ஒரு ஜெர்மன் ஜெனரலை, மாக்ஸ் இல்கென், வீட்டு வாசல்லயே தூக்கிட்டுப் போனாங்க. அதே நாட்கள்ல தலைமை நீதிபதி ஆல்ஃபிரட் ஃபுங்கைச் சுட்டார். ஒரு தடவை குறி வச்சது பவுல் டார்கெல்ங்கற பெரிய அதிகாரிக்கு. விழுந்தது ஹான்ஸ் கேல்னு வேற ஒருத்தர். ஆள் மாறாட்டத்துல வாழ்ந்தவர், ஆள் மாறிச் சுட்டார்.

1944 மார்ச்ல ப்ரோதி பக்கம் ஒரு கிராமத்துல உக்ரைன் கிளர்ச்சிப் படை ஆட்கள்கிட்ட மாட்டி இறந்தார். வீரர் பட்டம் செத்த பிறகு வந்தது. அவர் பேர்ல ஒரு சிறுகோள் இருக்கு. அணு மின் நிலையத்துக்காகக் கட்டின ஒரு ஊருக்கே குஸ்நெத்சோவ்ஸ்க்னு பேர் வச்சாங்க. 2016-ல உக்ரைன் அந்தப் பேரை எடுத்துட்டு வராஷ்னு மாத்திருச்சு. ல்விவ்ல இருந்த அவர் சிலையை 1992-லயே பேர்த்து எடுத்து யூரல்ல தலித்ஸா ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஒருத்தருக்கு வீரர், இன்னொருத்தருக்குக் கொலைகாரர். வினாடி வினால இதுக்கெல்லாம் புள்ளி கிடையாது.

வினாத்தாள்:
நன்றிங்க. அப்ப திருத்தம் சுலபம். அட்மிரல் 1904, உளவாளி 1911. கேள்வில "1911-ல் பிறந்த"னு ஒரு சொல் சேர்த்துட்டா வாத்தியாருக்குத் தனியா ஒரு கேள்வி ஆச்சு. முடிஞ்சுது.

ராக்கெட்_ரசிகன்:
முடியல தலைவா 🙂

1911 ஜூன் 23-ல அக்த்யூபின்ஸ்க்ல இன்னொரு நிக்கோலாய் குஸ்நெத்சோவ் பிறந்தார். உளவாளியை விட ஐந்து வாரம் மூத்தவர். நிக்கோலாய் த்மித்ரியெவிச். விமான எஞ்சின், ராக்கெட் எஞ்சின் வடிவமைச்சவர். இவரும் "வீரர்"தான், என்ன, சோஷலிச உழைப்பு வீரர். அதுவும் ரெண்டு தடவை.

நிலாவுக்கு ஆள் அனுப்ப சோவியத் கட்டின என்-1 ராக்கெட் ஞாபகம் இருக்கா? அடித்தட்டுல மட்டும் 30 எஞ்சின். 1969-லேர்ந்து 1972 வரை நாலு தடவை ஏவினாங்க, நாலும் அவுட். அந்த எஞ்சின்கள் இவரோடது. தோல்வி மேல தோல்வி வந்துட்டு இருக்கும்போதே அதையே திருத்தி என்.கே.-33னு ஒண்ணு செஞ்சு வச்சார். திட்டத்தையே மூடிட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சிடுன்னு மேலிருந்து உத்தரவு. இவர் அழிக்கல. குய்பிஷெவ்ல, அதாவது இன்னைக்கு சமாரா, கிடங்குல வரிசையா அடுக்கிப் பூட்டி வச்சார்.

இருபது வருஷம் கழிச்சு அமெரிக்காக்காரங்க வந்து பார்த்தாங்க. ஆக்சிஜன் மிகுந்த வாயுல பம்பைச் சுத்த விட்டு, அந்த வாயுவையே மறுபடி எரி அறைக்குள்ள அனுப்பற முறை. அந்தச் சூட்டுல ஆக்சிஜன் எந்த உலோகத்தையும் தின்னுடும்னு அவங்க கைவிட்டிருந்த வழி. இங்க தூசு தட்டினா ஓடுற நிலையில டஜன் கணக்கா நிக்குது. ஒண்ணு சுமார் 11 லட்சம் டாலர்னு வாங்கிட்டுப் போனாங்க. 2013-ல அன்டாரஸ் ராக்கெட் அதுல பறந்துச்சு. 2014 அக்டோபர்ல ஒண்ணு ஏவுதளத்துக்கு மேலயே வெடிச்சுது, அதோட அமெரிக்காவுல அந்தக் கதை முடிஞ்சுது. ரஷ்யாவுல சோயூஸ் ராக்கெட்லயும் அதே பழைய எஞ்சினை மாட்டிப் பறக்க விட்டாங்க.

அரக்கோணத்தான்:
இந்த இழைக்கு நான் வந்தே ஆகணும். பேரைப் பாருங்க.

எங்க ஊர் ராஜாளி கடற்படைத் தளத்துல டியூ-142 விமானம் இருந்துச்சுல்ல, நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு விசிறி, ஒண்ணுக்கொண்ணு எதிர்த் திசையில சுத்தும். அந்த எஞ்சின் பேரு என்.கே.-12. என்.கே.ன்னா நிக்கோலாய் குஸ்நெத்சோவ். எங்க பெரியப்பா தளத்துல சிவில் வேலை பார்த்தவரு, அவருதான் சொன்னாரு. எஞ்சின் ஒண்ணு 15,000 குதிரைத்திறன். விசிறி எஞ்சின்ல அதை மிஞ்சினது கிடையாதுன்னு பெருமையா சொல்வாரு, ஏதோ அவரே கழட்டி மாட்டின மாதிரி.

சத்தம் ஜெட் மாதிரி கிழிக்காது. ம்ம்ம்ம்னு அடி வயித்துல இறங்கும். அலமாரியில எவர்சில்வர் டம்ளர் ஒண்ணோட ஒண்ணு கிணுகிணுங்கும், எங்கம்மா "பெரிசு வருது"ம்பாங்க, அப்புறம்தான் வானத்துல தெரியும். 2017 மார்ச்ல விடை கொடுத்தாங்க. இப்ப வர்ற போயிங் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இத்தனை வருஷம் ஒரு மனுஷன் பேரைக் காதால கேட்டுட்டு இருந்திருக்கோம்.

வினாத்தாள்:
ஆக மூணு நிக்கோலாய். அரக்கோணத்தான், உங்க பெரியப்பாவையே அடுத்த தடவை கேள்வி தயாரிக்கச் சொல்லுங்க.

ஏன் எல்லாரும் குஸ்நெத்சோவா இருக்காங்க? அப்படி என்ன பேர் அது?

மொஸ்கோ_பனி:
தம்பி, "குஸ்நெத்ஸ்" எண்டால் கொல்லன். இரும்படிக்கிற கொல்லன். "ஓவ்" எண்டு முடிஞ்சால் "அவனுடைய". கொல்லன்ர பிள்ளை எண்டு வையுங்கோவன். பொம்பிளையள் எண்டால் குஸ்நெத்சோவா. ஊருக்கு ஒரு கொல்லன் இல்லாமல் கலப்பையும் இல்லை, குதிரைக்கு லாடமும் இல்லை. அப்ப ஊருக்கு ஊர் ஒரு கொல்லன் குடும்பம். ரஷ்யாவில ஆகக் கூடுதலாய் இருக்கிற குடும்பப் பேருகளில இது முன் வரிசை. இவானோவ், ஸ்மிர்னோவ், பிறகு இவை.

தெற்கால, உக்ரைன் பக்கம் போனால் கொல்லனைக் "கோவால்" எண்டுவினம். அங்க கோவலென்கோ, கோவல்ச்சுக், போலந்தில கோவால்ஸ்கி. எல்லாம் ஒரே பட்டறைதான்.

நான் எண்பதுகளில மொஸ்கோவில படிச்சனான். எங்கட வகுப்பில ரெண்டு செர்கேய் குஸ்நெத்சோவ். வகுப்புத் தலைவனை "ஸ்தாரஸ்தா" எண்டுறது, அவன் இடாப்புக் கூப்பிடேக்க "குஸ்நெத்சோவ் ஒண்டு, குஸ்நெத்சோவ் ரெண்டு" எண்டுதான் கூப்பிடுவான். ரெண்டாம் நம்பர்க்காரனுக்குக் கடைசி வரைக்கும் அந்தக் கோவம் போகேல்லை.

நகர நடுவில "குஸ்நெத்ஸ்கி மோஸ்த்" எண்டு ஒரு தெரு, கொல்லர் பாலம் எண்டு அர்த்தம். மெட்ரோ நிலையமும் இருக்கு. முந்தின காலத்தில பக்கத்தில பீரங்கி வார்க்கிற பட்டறை, அங்கத்தக் கொல்லர்மார் நெக்லின்னயா ஆத்தங்கரையில குடியிருந்தவை. இப்ப ஆறு நிலத்துக்குக் கீழ குழாய்க்குள்ள ஓடுது, பாலமும் இல்லை. நான் முதல் நாள் பாலத்தைத் தேடி ரெண்டு தரம் நடந்து பாத்தன்.

சும்மா_வந்தவன்:
அப்ப ரஷ்யாவுலயும் சாதிப் பேர்தானா, சூப்பர்.

மொஸ்கோ_பனி:
இல்லை. பாட்டன் செய்த தொழில் பேராய் ஒட்டினது, அவ்வளவுதான். அதை வைச்சு ஒருத்தரும் ஆர் வீட்டில சாப்பிடுறது, ஆரைக் கலியாணம் கட்டுறது எண்டு பாக்கிறதில்லை. கனக்கக் குடியானவருக்கு 1861-ல பண்ணை அடிமைமுறை எடுபட்ட பிறகுதான் எழுத்தில ஒழுங்கான குடும்பப் பேரே வந்தது.

கடற்பறவை:
ஆனால் ஒருவருக்கு மட்டும் பேரும் தொழிலும் ஒட்டியது. வசீலி குஸ்நெத்சோவ். உருக்குப் பொறியாளர், முப்பதுகளில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் போய் உலோகவியல் படித்தவர். பிறகு ராஜதந்திரி. பிரெஷ்னேவ் செத்தார், ஆந்த்ரோபோவ் செத்தார், செர்னென்கோ செத்தார், 1982-க்கும் 1985-க்கும் இடையில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அடுத்த ஆள் வரும் வரை நாட்டுத் தலைவர் பொறுப்பை இவர்தான் பார்த்துக்கொண்டார். எண்பதைத் தாண்டிய மனிதர். மூன்று பேரையும் அனுப்பிவிட்டு 1990 வரை இருந்தார்.

அப்புறம், முன்னால் சொல்ல விட்டது: கோர்ஷ்கோவ் பேரில் இருக்கும் "கோர்ஷோக்" என்றால் பானை. கொல்லன் எழுந்த நாற்காலியில் பானை உட்கார்ந்தது.

பேஸ்லைன்:
ஆம்பளைங்க கதையாவே போகுதே. ஸ்வெத்லானா குஸ்நெத்சோவா எங்க? 2004 யுஎஸ் ஓப்பன், 2009 பிரெஞ்சு ஓப்பன். ரெண்டு இறுதிலயும் எதிர்ல நின்னதும் ரஷ்யப் பொண்ணுதான், தெமென்தியெவா ஒண்ணு, சாஃபினா ஒண்ணு. அம்மா சைக்கிள் பந்தய உலக சாம்பியன், அப்பா சைக்கிள் பயிற்சியாளர், இவங்க மட்டும் சைக்கிளை விட்டுட்டு மட்டையைப் பிடிச்சாங்க.

2016 சிங்கப்பூர்ல ராட்வான்ஸ்காவோட ஆடும்போது ஜடை வந்து கண்ணுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆட்ட இடைவேளைல கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, நாற்காலில உட்கார்ந்தபடியே பின்னலைக் கொத்தா வெட்டிப் போட்டுட்டு எழுந்து போய் ஜெயிச்சாங்க. நேரலைல பார்த்தேன். எங்க பாட்டி பக்கத்துல இருந்தாங்க, "ஐயோ முடி"ன்னாங்க.

தட்டச்சுக்காரி:
பேர் குழப்பம் நிக்கோலாயோட நிக்கலீங்க. அனதோலி குஸ்நெத்சோவும் ரெண்டு பேர், அதுவும் ஒரு வருஷ இடைவெளில பிறந்தவங்க. ஒருத்தர் நடிகர், விண்வெளிக்குப் போறவங்க ஏவுதலுக்கு முன்னாடி வழக்கமா உட்கார்ந்து பார்க்கற அந்த 1970 படத்தோட நாயகன். அவரை விட்டுடலாம்.

எனக்குப் பிடிச்சவர் இன்னொருத்தர், அனதோலி வசீலியெவிச். கீவ்ல பிறந்த எழுத்தாளர். 1941 செப்டம்பர் கடைசில பாபி யார் பள்ளத்தாக்குல ரெண்டே நாள்ல ஜெர்மன்காரங்க 33,771 யூதர்களைச் சுட்டுப் போட்டாங்க. அப்ப இவருக்கு வயசு 12, சத்தம் கேக்கற தூரத்துல வீடு. பெரியவர் ஆனதும் அதை எழுதினார். தணிக்கைக்காரங்க கண்டபடி வெட்டி 1966-ல வெளியிட்டாங்க. 1969-ல லெனினைப் பத்தி எழுதணும், லண்டன்ல தகவல் பாக்கணும்னு அனுமதி வாங்கிப் போனார். போனவர் திரும்பல. முழுக் கையெழுத்துப் பிரதியையும் படச்சுருள்ல எடுத்துக் கோட்டு உள்துணில வச்சுத் தச்சுக்கிட்டுப் போயிருக்கார்.

அடுத்த வருஷம் வந்த பதிப்பைப் பார்க்கணும் நீங்க. முதல்ல அச்சானது சாதா எழுத்து. தணிக்கை வெட்டினது தடித்த எழுத்து. பின்னால சேர்த்தது அடைப்புக்குறிக்குள்ள. பக்கத்தைத் திருப்பினாலே எதை எதைப் பார்த்து அரசாங்கம் பயந்துச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். பதிப்பு வேலை பார்க்கற எனக்கு அதைவிடப் பெரிய அச்சுக்கோப்பு தெரியாது.

வினாத்தாள்:
இழை எங்கயோ போயிடுச்சு, ஆனா நல்லா இருக்கு. என் பஞ்சாயத்துக்கு வர்றேன். எனக்கு இப்ப ஒண்ணு பிடிபட்டுச்சு. நீங்க எல்லாரும் நடுவுல ஒரு பேர் சொல்றீங்க. கெராசிமொவிச், இவானொவிச், த்மித்ரியெவிச். அது அப்பா பேர்தானே? கெராசிம் மகன், இவான் மகன், த்மித்ரி மகன். அதாவது நம்ம இனிஷியல்!

பள்ளிக்கூடத்துல என் வகுப்புல அஞ்சு செந்தில் இருந்தோம். கே.செந்தில், எம்.செந்தில்னுதான் பொழைச்சோம். மாஸ்கோ பதிப்பகத் தமிழ்ப் புத்தகங்கள்ல இந்த நடுப் பேரைப் படிக்கத் தெரியாம தாண்டித் தாண்டிப் போவேன். அதுதான் முக்கியமான இடம்னு இப்பதான் உறைக்குது.

மொஸ்கோ_பனி:
சரியாய்ப் பிடிச்சியள். அங்க ஆசிரியரை, பெரியவையைக் குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடுறது மரியாதை இல்லை. பேரும் தகப்பன் பேரும் சேத்துத்தான். "நிக்கோலாய் இவானொவிச்" எண்டு. எங்கட ஆக்கள் "தோழர் குஸ்நெத்சோவ்" எண்டு எழுதினதைப் பாத்து எங்கட பேராசிரியை சிரிச்சவ. ஒரு வித்தியாசம்: எங்கட இனிஷியல் ஒரு தலைமுறையோட முடிஞ்சிடும். அவைக்குத் தகப்பன் பேரும் இருக்கு, அதுக்கு மேல கொல்லனும் கூடவே வாறான்.

வினாத்தாள்:
அப்ப தீர்ப்பு: இனிமே அப்பா பேரோட கேள்வி. "சோவியத் ஒன்றிய வீரர் நிக்கோலாய் இவானொவிச் குஸ்நெத்சோவ் யார்?" விடை: உளவாளி. இதுல யாரும் என்னை அசைக்க முடியாது.

முதல்_அணி:
வணக்கம். நான்தான் அந்த வாத்தியார். இந்த இழையின் இணைப்பை உங்கள் குழுவில் யாரோ அனுப்பினார்கள், கணக்கு தொடங்கி வருகிறேன்.

பத்துப் புள்ளியைக் கேட்டு வாங்கலாம் என்று ஆதாரம் தேடப் போனேன். போன இடத்தில் எனக்கே ஆப்பு. சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் வாங்கிய நிக்கோலாய் இவானொவிச் குஸ்நெத்சோவ் இன்னொருவர் இருக்கிறார். பீரங்கிப் படைக்காரர், பிறப்பு 1922, 2008 வரை இருந்தார். போரில் சாதாரணச் சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் கொடுக்கும் கீர்த்திப் பதக்கம் என்று ஒன்று, மூன்று படி. அந்த மூன்றையும் வாங்கி, வீரர் பட்டமும் வாங்கியவர்கள் அந்த நாட்டிலேயே மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் இவர். பேர் ஒன்று, அப்பா பேர் ஒன்று, குடும்பப் பேர் ஒன்று, பட்டமும் ஒன்று.

ஆகவே உங்கள் புதிய கேள்வியும் செல்லாது. நேர்மையாகச் சொன்னால், அன்று நான் சொன்ன விடையும் ஒரு குருட்டு அதிர்ஷ்டம்தான். எனக்கு அட்மிரலையே தெரியாது.

ராக்கெட்_ரசிகன்:
😂😂 ஸ்தாரஸ்தா சொன்னதுதான் சரி. குஸ்நெத்சோவ் ஒண்ணு, குஸ்நெத்சோவ் ரெண்டு.

வினாத்தாள்:
சார், வணக்கம். மன்னிச்சுக்கோங்க. கேள்வியை ரத்து பண்ணிட்டேன். அந்தப் பத்தைக் கழிச்சா நீங்க அஞ்சு புள்ளி முன்னாடி. ரெண்டாவது அணிக்கு இப்பதான் ஃபோன் பண்ணினேன். கோப்பையை அவங்க வீட்டுல பேனா போட்டு வைக்கற டப்பாவா ஆக்கிட்டாங்களாம், ஞாயித்துக்கிழமை கழுவித் தர்றேன்னாங்க.

முதல்_அணி:
அவர்களிடமே இருக்கட்டும். அடுத்த மாதக் கேள்வித்தாளை மட்டும் என்னிடம் விடுங்கள். ஒரு கேள்வி இப்போதே தயார்: "அலெக்சாந்தர் பப்போவ் எதற்குப் பேர் போனவர்?"

பேஸ்லைன்:
நீச்சல்! 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 50 மீட்டர், 100 மீட்டர் ரெண்டுலயும் தங்கம்.

ராக்கெட்_ரசிகன்:
வானொலி. 1895.

வினாத்தாள்:
சார்...